லா தூரெத் மடம்: பூசப்படாத கான்கிரீட்டும் உள்ளே வரும் வெளிச்சமும்

கேள்வி இது: "பிரான்சில் 1950களில் கட்டப்பட்ட லா தூரெத் என்னும் கத்தோலிக்கத் துறவு மடத்தின் படங்களைப் பார்த்தேன். கோபுரம் இல்லை, சிற்பம் இல்லை, சாயக்கண்ணாடி ஓவியம்கூட இல்லை. பூச்சு வேலை முடியாமல் நின்றுபோன குடியிருப்பு போல இருக்கிறது. இதை நவீனக் கட்டடக்கலையின் சிகரங்களில் ஒன்று என்று ஏன் சொல்கிறார்கள்? கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர்தான் இதை வடிவமைத்தார் என்பது உண்மையா?"

உண்மைதான். இதை வடிவமைத்த கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே எந்தத் திருச்சபையின் வழிபாட்டிலும் பங்கேற்றவர் அல்லர். ஆனால், அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து எடுத்த படத்தில் தொடங்கினால் நீங்கள் சொல்லும் எண்ணம்தான் எவருக்கும் எழும். உள்ளே வாழ வேண்டியிருந்தவர்களின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதிலிருந்து தொடங்கினால், படத்தில் வறட்சியாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கத் தொடங்கும். ஆகவே அந்த வழியிலேயே போகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பிரெஞ்சில் இதை 'கூவான்' என்பார்கள். நம்மூரில் 'கான்வென்ட்' என்றதும் கன்னியர் மடமோ ஆங்கிலவழிப் பள்ளியோ நினைவுக்கு வருவதால் குழப்பம் நேர்கிறது. இது ஆண் துறவிகளின் இல்லம். புனித சாமிநாதர் நிறுவி, 1216-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற போதகர் சபை, அதாவது தொமினிக்கன் சபை, இதன் உரிமையாளர். மதிலுக்குள் அடைந்து வேளாண்மை செய்து வாழும் துறவிகளைப் போன்றவர்கள் அல்லர் இவர்கள். படிப்பதும் படித்ததைப் போதிப்பதும்தான் இவர்களது பணி. லியோன் நகருக்கு வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், எவூ என்ற ஊரின் மலைச்சரிவில், இளம் துறவிகள் மெய்யியலும் இறையியலும் பயில ஓர் இல்லம் வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். நூறு பேருக்கு நூறு தனியறைகள், வகுப்பறைகள், நூலகம், உணவுக்கூடம், சபைக்கூடம், ஆலயம் ஆகியவைதான் தேவைப் பட்டியல். அந்தப் பட்டியலுக்கு அடியில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு தேவைகள் இருந்தன. ஒவ்வொருவரும் முழுத் தனிமையில் படிக்கவும் செபிக்கவும் வேண்டும். அதே மனிதர்கள் ஒரு நாளில் பல முறை ஒன்றுகூடிப் பாடவும் உண்ணவும் விவாதிக்கவும் வேண்டும். இந்த முரணுக்கு வடிவம் கொடுத்ததுதான் லா தூரெத்தின் அடிப்படைச் சாதனை என்பது என் கருத்து.

நம்பிக்கையில்லாதவரை ஏன் அழைத்தார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். மரி-அலேன் கூத்துரியே என்னும் தொமினிக்கன் குரு, ஓவியப் பயிற்சி பெற்றவர், சமயக்கலை பற்றிய ஓர் இதழின் ஆசிரியர்களுள் ஒருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கத்தோலிக்க ஆலயங்களை நிறைத்திருந்த அச்சில் வார்த்த சுரூபங்களும் போலி கோதிக் வளைவுகளும் சமயக்கலையைச் செத்த கலையாக்கிவிட்டன என்று அவர் கருதினார். பக்தியுள்ள, ஆனால் திறமை குறைந்த கலைஞரைவிட நம்பிக்கையில்லாத மேதையிடம் பணியை ஒப்படைப்பதே மேல் என்ற நிலைப்பாட்டை வெளிப்படையாகவே எடுத்தார். ஆல்ப்ஸ் மலையிலுள்ள அசி ஆலயத்திலும், வான்ஸில் ஓவியர் மத்தீஸ் உருவாக்கிய சிற்றாலயத்திலும், லெ கொர்பூசியேயின் ரோன்ஷாம் ஆலயத்திலும் அவருடைய ஆதரவு இருந்தது. லா தூரெத்துக்கும் லெ கொர்பூசியேயின் பெயரை முன்வைத்து வாதாடியவர் அவரே. 1954 பிப்ரவரியில் அவர் இறந்துவிட்டார். ஒரு கல்கூட அப்போது வைக்கப்பட்டிருக்கவில்லை.

லெ கொர்பூசியேயின் பக்கமும் இது திடீரென்று வந்த ஆர்வம் அல்ல. சுவிட்சர்லாந்தின் லா ஷோ-தெ-ஃபோன் என்ற கடிகாரத் தொழில் ஊரில், புராட்டஸ்தாந்து பின்னணியில் 1887-இல் பிறந்த அவர், 1907-இல் இத்தாலியில் பயணம் செய்தபோது ஃபிளாரன்சுக்கு அருகே ஏமா பள்ளத்தாக்கிலுள்ள கர்த்தூசியன் மடத்தைக் கண்டார். ஒவ்வொரு துறவிக்கும் ஒரு சிறு வீடும் தோட்டமும், எல்லோருக்கும் பொதுவாக ஆலயமும் உணவுக்கூடமும். தனிமையும் கூட்டு வாழ்வும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் அந்த அமைப்பு அவர் மனத்தில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிட்டது. பின்னாளில் மார்செய் நகரில் அவர் கட்டிய பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில்கூட அதன் சாயல் உண்டு. பாரிஸ் செவ்ர் தெருவில் அவரது அலுவலகம் இயங்கியதும் பழைய சேசு சபை மடம் ஒன்றின் நீண்ட தாழ்வாரத்தில்தான். அறுபத்தாறாவது வயதில் ஒரு மடம் கட்டும் வேலை கைக்கு வந்தபோது, அவர் இளமையில் கேட்டுக்கொண்ட கேள்விக்கே திரும்பினார் என்று சொல்லலாம்.

1953-இல் கூத்துரியே அவருக்கு எழுதிய கடிதத்தில், தென்பிரான்சிலுள்ள லெ தோரோனே மடத்தைக் கட்டாயம் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன் துறவிகள் கட்டிய அந்த மடத்தில் ஓவியமோ செதுக்கு வேலையோ கிடையாது. செதுக்கி அடுக்கிய கல்லும், ஆழமான சிறு சாளரங்களும், நாள் முழுதும் அந்தக் கல்லின்மேல் நகரும் வெயிலும் மட்டுமே. லெ கொர்பூசியே போய்ப் பார்த்தார். அங்கிருந்து அவர் வளைவுகளையோ தூண்களின் வடிவத்தையோ எடுத்துவரவில்லை. அலங்காரத்தை விலக்கிவிட்டால் வெளிச்சமே அந்த வேலையைச் செய்யும் என்ற அறிவை எடுத்துவந்தார். லா தூரெத்தின் ஆலயத்தில் நிற்கும் எவரும் லெ தோரோனேயை உணர முடியும். ஆனால் ஒரு வரிகூட அதன் நகல் அல்ல.

இனி கட்டடம். இடம் மேற்கு நோக்கி இறங்கும் புல்வெளிச் சரிவு. பின்னால் காடு, முன்னால் பள்ளத்தாக்கு. நம் கொத்தனார் எவரும் முதலில் அடித்தளம் பார்ப்பார், மட்டம் பிடிப்பார், அதிலிருந்து மேலே எழுவார். இங்கே அந்த வரிசை தலைகீழாகிறது. சரிவில் தரைமட்டம் என்று நிலையான ஒன்று இல்லாததால், கட்டடத்தின் உச்சிக்கோட்டையே மட்டமாக வைத்துக்கொண்டார் லெ கொர்பூசியே. தொடுவானத்துக்கு இணையாக மேலே ஒரு கிடைக்கோடு. அதிலிருந்து அளந்து அளந்து கீழே இறங்கி, தரை எங்கே எதிர்ப்படுகிறதோ அங்கே தொடுவது. அதனால்தான் ஓரிடத்தில் மெல்லிய தூண்கள், ஓரிடத்தில் சீப்புப் பற்கள் போன்ற சுவர்த்தாங்கிகள், ஓரிடத்தில் நேரே மண்ணில் இறங்கும் சுவர் என்று கால்கள் பலவிதமாக இருக்கின்றன. புல்வெளி கட்டடத்தின் அடியில் தடையின்றி ஓடுகிறது. கீழிருந்து பார்ப்பவருக்கு ஒழுங்கற்றதாகத் தெரிவது, மேலிருந்து படித்தால் கண்டிப்பான ஒழுங்கு.

இந்தத் தலைகீழ் வரிசை அறைகளின் அடுக்கிலும் தொடர்கிறது. கிழக்கிலிருந்து நடந்து வருபவர் நுழைவது நடுத்தளத்தில். அங்கே வகுப்பறைகளும் நூலகமும் இருக்கின்றன. தனிமைக்கான நூறு அறைகள் அதற்கு மேலுள்ள இரண்டு தளங்களில், கிழக்கு, தெற்கு, மேற்கு என மூன்று பக்கங்களிலும் வெளிநோக்கி அமைந்திருக்கின்றன. உண்ணவும் கூடவும் பாடவும் ஒருவர் கீழே இறங்க வேண்டும். வடக்குப் பக்கத்தை ஆலயம் தனியொரு பெட்டியாக அடைத்து, நடுவில் முற்றத்தை உண்டாக்குகிறது.

அந்த அறைகளுள் ஒன்றைச் சற்று அருகில் பார்ப்போம். அகலம் 1.83 மீட்டர். நடுத்தர உயரமுள்ள ஒருவர் கைகளை விரித்தால் இரு பக்கச் சுவர்களும் விரல்நுனிக்கு மிக அருகே வந்துவிடும். உயரம் 2.26 மீட்டர், ஆறடி மனிதர் கையைத் தூக்கினால் கூரையைத் தொடும் அளவு. நீளம் 5.92 மீட்டர். கதவைத் திறந்ததும் கை கழுவும் தொட்டி, அதை மறைக்கும் அலமாரி, அடுத்து ஒற்றைக் கட்டில், சாளரத்தை ஒட்டி ஒரு மேசை, அதற்கு அப்பால் கான்கிரீட் கைப்பிடிச் சுவருடன் ஒரு சிறு மாடம். சுவரில் வெள்ளைச் சொரசொரப்புப் பூச்சு. வெறும் சிக்கனத்துக்காகக் குறைத்த அளவுகள் அல்ல இவை. மனித உடலின் அளவுகளை அடிப்படையாகக் கொண்டு லெ கொர்பூசியே உருவாக்கிய 'மொதுலோர்' என்னும் அளவுமுறையில் 1.13 மீட்டர் நிற்கும் மனிதரின் தொப்புள் உயரம், 1.83 முழு உயரம், 2.26 தூக்கிய கையின் உயரம். ஒரு மனிதருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட இல்லை. வறுமை வாக்குறுதி கொடுத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான அறையை எண்ணிப் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்தக் குறுகிய அறையின் முடிவில் மாடமும் மரங்களும் வானமும் காத்திருப்பதால், அது சிறையாகிவிடுவதில்லை.

அறையைவிட்டு வெளியே வந்தால் நீண்ட, மங்கலான தாழ்வாரம். அதன் முற்றப் பக்கச் சுவரில் கண் உயரத்தில் ஒரே நீளமான கீற்றுச் சாளரம் மட்டுமே ஓடுகிறது. தாழ்வாரத்தின் கோடியில் பெரிய சாளரம் வைத்துக் காட்சியைத் திறந்துவிடுவார்கள் என்று எதிர்பார்ப்போம். அங்கே ஒரு கான்கிரீட் பலகை காட்சியை மறைத்து நிற்கிறது, ஓரங்களின் வழியே வெளிச்சம் மட்டும் கசிகிறது. பார்வையை எங்கே அனுமதிப்பது, எங்கே தடுப்பது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவெடுத்திருக்கிறார்கள். மொட்டை மாடியிலும் அப்படித்தான். சுற்றிவர நடக்கலாம், ஆனால் உயரமான கைப்பிடிச் சுவர் பள்ளத்தாக்கை மறைத்து வானத்தை மட்டும் விட்டுவைக்கிறது.

மரபான மடங்களில் முற்றத்தைச் சுற்றித் தூண்கள் வரிசையிட்ட நடை ஒன்று இருக்கும். நம் கோவில் பிராகாரத்தைப் போல, நடந்துகொண்டே செபிக்கும் இடம். சரிவான நிலத்தில் அத்தகைய சுற்றுநடை சாத்தியப்படவில்லை. அதற்குப் பதிலாக முற்றத்தின் குறுக்கே சிலுவை வடிவில் மூடிய நடைபாதைகளை ஓடவிட்டார்கள். அவற்றுள் ஒன்று மெல்லச் சாய்ந்து ஆலயக் கதவை நோக்கி இறங்குகிறது. செபத்துக்குப் போகும் துறவியின் கால்கள் அந்தச் சரிவை உணர்கின்றன; நடையின் வேகமே மாறுகிறது. இந்த மாற்றத்தில் ஒரு இழப்பும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய மடங்களில் முற்றம்தான் அமைதியின் மையம். இங்கே முற்றம் பாதைகளும் தூண்களும் பிரமிடுக் கூரையிட்ட சிறு செபக்கூடமும் நெருக்கியடித்து நிற்கும் இடம். அமைதி நடுவில் அல்ல, வெளிவிளிம்பில் இருக்கிறது.

இப்போது யான்னிஸ் செனாக்கிஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1922-இல் பிறந்த இந்தக் கிரேக்கர் பொறியியல் படித்தவர். உலகப்போர்க் காலத்தில் எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர், முகத்தில் காயமுற்று ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர், 1947-இல் பாரிசுக்குத் தப்பி வந்து லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் பொறியாளராகச் சேர்ந்தவர். பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் முக்கிய இசையமைப்பாளர்களுள் ஒருவரானார். லா தூரெத் திட்டத்தில் அன்றாட வடிவமைப்பின் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது. கீழ்த்தளங்களின் மேற்கு முகப்பில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அதை மெல்லிய செங்குத்துக் கான்கிரீட் பட்டைகள் பிரிக்கின்றன. பட்டைகளின் இடைவெளி சமமாக இல்லை. ஓரிடத்தில் நெருங்குகின்றன, பிறகு அகல்கின்றன, மீண்டும் நெருங்குகின்றன. எந்தெந்த இடைவெளிகளைப் பயன்படுத்தலாம் என்பதை மொதுலோர் அளவுகள் தீர்மானித்தன. அவற்றை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைச் செனாக்கிஸ், தாளம் கோப்பவரைப் போல அமைத்தார். 1954-இல் அவர் எழுதி முடித்து 1955-இல் அரங்கேறிய 'மெத்தாஸ்தாசிஸ்' என்ற இசைப்படைப்பிலும் ஒலிகள் இப்படித்தான் அடர்ந்தும் நெகிழ்ந்தும் நகர்கின்றன. ஒரே காலத்தில், ஒரே மேசையில், ஒரே சிந்தனை ஒலியாகவும் கட்டடமாகவும் ஆகியிருக்கிறது. உணவுக்கூடத்தில் பிற்பகல் வெயில் விழும்போது அந்தப் பட்டைகளின் நிழல்கள் தரையில் கோடுகளாக நீள்கின்றன. கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பவர் அந்த அடர்வையும் நெகிழ்வையும் உடலால் கடக்கிறார்.

இந்த முறையில் மரச்சட்டமோ இரும்புச்சட்டமோ இல்லை. கான்கிரீட் பட்டையின் பள்ளத்திலேயே கண்ணாடி பொருந்துகிறது. எனவே செலவும் குறைவு. காற்றுக்கென்று முழு உயரத்துக்கும் ஒடுங்கிய தனிக் கதவுகள் வைத்து, கொசுவலையும் அடித்தார்கள். வெளிச்சத்துக்கு ஒன்று, காற்றுக்கு வேறொன்று என்று பிரித்துவிட்ட இதே ஏற்பாட்டை லெ கொர்பூசியே அதே ஆண்டுகளில் சண்டிகரின் அரசுக் கட்டடங்களிலும் கையாண்டார். பஞ்சாபின் வெயிலுக்கும் லியோனின் குளிருக்கும் ஒரே அலுவலகத்தின் ஒரே மேசைகளில் வரைபடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பூச்சு வேலை முடியாததுபோல் இருக்கிறது என்று நீங்கள் எழுதியது மிகச் சரியான கவனிப்பு. பலகை அடைத்து வார்த்த கான்கிரீட், பலகையைப் பிரித்ததும் எப்படி இருந்ததோ அப்படியே விடப்பட்டிருக்கிறது. மரத்தின் வரி, பலகைகளின் இணைப்பு, ஆணித்தடம், ஆங்காங்கே சரியாக இறங்காத கலவையின் பொத்தல் எல்லாம் தெரியும். நம்மிடையே பூச்சும் வண்ணமும் முடிந்தால்தான் வீடு குடிபுகத் தகுந்தது என்ற எண்ணம் ஆழமாக இருப்பதால் இது கண்ணை உறுத்துகிறது. பணத்தட்டுப்பாடு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சபையிடம் இருந்த நிதி மிகக் குறைவு, வரைபடத்தில் இருந்த பல கைவிடப்பட்டன. ஆனால் குழாய்களையும் மின்கம்பிகளையும்கூட மறைக்காமல் விட்ட கட்டடத்தில், இருப்பதை இருப்பதாகக் காட்டும் ஒரு நேர்மையும் இருக்கிறது. எளிமை வாக்குறுதி கொடுத்தவர்களின் வீட்டில், கான்கிரீட்டுக்குப் பளிங்கு வேடம் போட்டிருந்தால் அதுவே பொய்யாகியிருக்கும்.

ஆலயத்துக்கு வருவோம். பெரிய உலோகக் கதவு சுழன்று திறந்ததும் உள்ளே இருட்டு. கண் பழகச் சிறிது நேரம் ஆகும். பிறகு உயரமான, நீண்ட, வெறும் கான்கிரீட் பெட்டி ஒன்றில் நிற்பது தெரியும். சாளரம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. துறவிகளின் இருக்கைகளுக்குப் பின்னே தாழ்வாகச் சில கிடைப்பிளவுகள். அவற்றின் சாய்ந்த உட்புறங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வண்ணம் தீட்டியிருப்பதால், வெள்ளை வெளிச்சம் அவற்றில் பட்டு நிறமேறி உள்ளே வருகிறது. கண்ணாடியில் வண்ணமில்லை, சுவரில்தான் வண்ணம். சாயக்கண்ணாடி ஓவியம் இல்லையே என்று கேட்டீர்களே, அதன் வேலையை இந்தப் பிளவுகள் செய்கின்றன. செபப்புத்தகத்தின் பக்கத்தில் விழும் அளவுக்கு மட்டுமே வெளிச்சம்; முகங்களும் உயரமும் இருளில். நடுவே உயர்ந்த மேடையில் கல்பீடம். பாட்டு தொடங்கினால் கான்கிரீட் அதை விழுங்காமல் நெடுநேரம் திருப்பித் தந்துகொண்டிருக்கும். ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல்லை எடுத்தால் குழம்பிவிடும் என்பதால், இங்கே பாடுபவர்கள் நிதானத்தைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

ஆலயத்தின் பக்கவாட்டில், வளைந்து சாய்ந்த சுவருக்குள், படிப்படியாக ஏறும் தரையில் ஏழு சிறு பீடங்கள் இருக்கின்றன. கூரை நீலம், சுவர்களில் சிவப்பும் மஞ்சளும் கருப்பும். கூரையில் மூன்று பெரிய வட்டத் துளைகள், வெவ்வேறு அளவில், வெவ்வேறு சாய்வில், பீரங்கி வாய்கள்போல வானத்தை நோக்கி நிற்கின்றன. 'ஒளிப் பீரங்கிகள்' என்பதே அவற்றின் பெயர். மறுபக்கம், குருக்கள் திருவுடை அணியும் அறையின் மேல், இன்னும் சிறிய, கோணலான ஒளித்துளைகள் வரிசையாக உண்டு. இவையும் செனாக்கிஸின் கைவண்ணம். ஏழு பீடங்கள் எதற்கு என்றால், அக்காலத்தில் ஒவ்வொரு குருவும் நாள்தோறும் தனித்தனியே திருப்பலி நிறைவேற்றினார். பலர் சேர்ந்து ஒரே பீடத்தில் நிறைவேற்றும் கூட்டுத் திருப்பலி வழக்கத்தில் இல்லை. 1960 அக்டோபரில் மடம் திறந்துவைக்கப்பட்டது. 1962-இல் தொடங்கி 1965-இல் முடிந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூட்டுத் திருப்பலியைப் பரவலாக்கியது. அந்த ஏழு பீடங்களுக்குமான தேவை சில ஆண்டுகளுக்குள் மறைந்துபோனது. கட்டடத்தின் மிக அழகான மூலை, தன் பயனை இவ்வளவு விரைவில் இழந்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒற்றைக் கண்ணாடி குளிரையும் தடுக்காது, மேற்கு வெயிலையும் தடுக்காது. பூச்சில்லாத கான்கிரீட்டில் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடித்தால் விளிம்புகள் உடைந்து விழும். பெரும் மறுசீரமைப்புப் பணிகள் தேவைப்பட்டன. 1960களின் இறுதியில் மாணவத் துறவிகளின் எண்ணிக்கை வேகமாகச் சரிந்து, படிப்பில்லம் என்ற நோக்கமே தளர்ந்தது. இருந்தும் கட்டடம் கைவிடப்படவில்லை. கருத்தரங்குகளும் கண்காட்சிகளும் நடக்கும் இடமாயிற்று. சில துறவிகள் இன்றும் அங்கே வாழ்ந்து, வேளைதோறும் அதே ஆலயத்தில் பாடுகிறார்கள். 1.83 மீட்டர் அறைகளில் வெளியாரும் தங்கலாம். 2016-இல் யுனெஸ்கோ, ஏழு நாடுகளிலுள்ள லெ கொர்பூசியேயின் 17 படைப்புகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, சண்டிகரின் 'கேப்பிட்டல்' அரசு வளாகத்தோடு இந்த மடமும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது.

1965 ஆகஸ்ட் 27 அன்று, மத்தியதரைக் கடலில் நீந்திக்கொண்டிருந்தபோது லெ கொர்பூசியே இறந்தார். பாரிசில் நடந்த அரசு அஞ்சலிக்காக உடல் வடக்கே கொண்டு செல்லப்பட்ட வழியில், ஓர் இரவு லா தூரெத் ஆலயத்தில் வைக்கப்பட்டது. எந்த வழிபாட்டிலும் சேராதவரை, அவர் கட்டிய அந்தப் பெட்டிக்குள் துறவிகள் வரவேற்று இரவு முழுதும் வைத்திருந்தார்கள். நீங்கள் எப்போதாவது அங்கே போக நேர்ந்தால், மாலைச் செபத்துக்குச் சற்று முன்னதாகவே உள்ளே சென்று அமருங்கள். மேற்குச் சுவர் கூரையைத் தொடாமல் நிற்கும் இடத்தில் ஒரு மெல்லிய பிளவு இருக்கிறது. சாயும் வெயில் அதன் வழியே ஒரு கோடாக நுழைந்து, பலகைத்தடம் பதிந்த கான்கிரீட்டின்மேல் மெல்ல நகரும்.